எல்லாவற்றுக்கும் ஆமாம்

கடையில் விற்கும் சட்டை யார் யாருடைய கைகளைக் கடந்து வருகிறது என்று ஆராய்கிற பெண் ஒருத்தி நூற்பாலைக்கு வந்திருந்தாள். "எது கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்கடி, வாய் வலிக்காது" என்று விடுதி வார்டன் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். பொங்கலுக்கு ஊருக்கு அனுப்புவதும் அனுப்பாததும் அவர் கையில்தான்.

நல்ல தண்ணீர் கிடைக்கிறதா என்றதற்கு, விடுதியில் தங்கி ஆலையில் வேலை செய்யும் இசக்கியம்மாள் ஆமாம் என்றாள். சம்பளம் தேதிக்கு வருகிறதா என்றதற்கும் ஆமாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வார்டன் சிரித்தபடி நின்றார்.

"இங்க தனியா இருக்கற மாதிரி தோணுதா?"

"ஆமா மேடம்."

சொன்ன பிறகுதான் கேள்வி உள்ளே இறங்கியது. விடுதி அறையில் எட்டுப் பேர். ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஒருத்தி எழும்போது மற்றவள் தூங்கிக்கொண்டிருப்பாள். இதை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை.

வந்தவள் பேனாவை நிறுத்தினாள். "எல்லாத்துக்கும் ஆமான்னீங்க. இதையும் பழக்கத்துல சொல்லிட்டீங்களோ? இல்லைன்னு மாத்திடவா?"

வெளியே வார்டனின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. இசக்கியம்மாள் தாவணியில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தாள்.

"மாத்தாதீங்க மேடம்" என்றாள். "அதையே இன்னொருக்கா கேளுங்க."