ஆளுக்கொரு கடைசி எபிசோடு

சீரியலின் முடிவை அவரவர் ஆசைப்படியே அவரவர் மூக்கில் மாட்டிய கண்ணாடியிலேயே காட்டிவிடும் காலம் அது. செங்கல் சூளையில் கல் சுமக்கும் மாசிலாமணியின் கண்ணாடியில், மருமகள் மாமியாரை மன்னித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பெண்சாதி பவுனின் கண்ணாடியில், மாமியார் ஜெயிலுக்குப் போனாள். இருவருக்கும் திருப்திதான். ஆனால் ஆறு வருஷமாக அந்தக் கதையை வைத்தே வாய்ச்சண்டை போட்ட வீடு ஊமையாகிவிட்டது. ஆளுக்கொரு முடிவு கிடைத்தபின் எதை வாதாட? மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏ பவுனு, கண்ணாடியக் கழட்டு. ஊருக்கே பொதுவா ஒரு முடிவு இருக்காம்ல, அதச் செவத்துல போடு."

பொது முடிவில் மாமியாரும் மருமகளும் கூட்டாக இட்லிக்கடை வைத்தார்கள்.

"த்தூ, இதெல்லாம் ஒரு முடிவா?" என்றாள் பவுன்.

"இட்லிக்கு என்னடி கொறச்சல்? உன்னைய மாதிரி ஆளுக்கு ஜெயில்தான் கேக்கும்."

"யோவ், என்னைய மாதிரின்னா? சொல்லுய்யா!" பவுன் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மாசிலாமணி நோகும் காலை நீட்டிச் சுகமாகச் சாய்ந்துகொண்டார்.