இன்பவல்லியின் ஆண்டு

ஆய்வுக் கட்டுரைகள் தம்மைத் தாமே திருத்திக்கொண்டு புது ஆண்டு சூடும் காலம் அது. மேற்கோள்களுக்கு ஆண்டு குறிப்பது எஸ்தரின் வேலை. நெல்நோய் பற்றிய இன்பவல்லியின் கட்டுரைக்குத் திரையில், அவள் எழுதிய 2061, அது தானே திருத்திக்கொண்ட 2071 என இரண்டு ஆண்டுகள் வந்தன. புதியதே இருக்கட்டும் என்று 2071ஐத் தொட்டுவிட்டாள்.

மறுவாரம் இன்பவல்லியின் கணவர் எஸ்தரைத் தேடி வந்தார்.

"அவ போய்ச் சேந்தே ஒன்பது வருஷமாச்சும்மா. ரெண்டாயிரத்தி அறுபத்தஞ்சுல எழுதின ஒருத்தரைப் பாத்து இவ எழுதிட்டதா இப்பப் பேசுறாங்க. பழைய வருஷத்தைப் போடக்கூடாதா?"

"பதிவாயிடுச்சுங்க ஐயா. இனி யாராலயும் மாத்த முடியாது."

அவர் மெல்ல எழுந்தார்.

"முதல்ல நாமதான் சொல்லணும்னு, ஆபரேஷனையே தள்ளிப்போட்டாம்மா."

எஸ்தரால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.