ஜோடிச் செருப்பு

லாரி மோதியதில் இன்பசேகரனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதல் சான்றிதழில் ஊனம் எண்பது சதவீதம் என்றார்கள், மறுபரிசோதனையில் அறுபது. இந்த வருடம் முப்பது என்று போட்டுப் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள்.

“கால் வளந்துகினு வருதுன்னு நெனச்சாங்களாண்ணா?” சித்தூர் வக்கீல் கேசியா சிரித்தபடியே அப்பீல் மனுவை எழுதினாள்.

“அத்தச் சொல்லணும்னுதான் வந்தேன்மா. சர்ச் வாசல்ல ஒத்தச் செருப்பத்தான் உட்டுட்டுப் போறேன். ஆராதனை முடிஞ்சி வந்தா ஜோடியா இருக்குது.”

“யாராவது புதுசு வெச்சிருப்பாங்க.”

“புதுசில்லம்மா. குதிகால் தேஞ்சிருக்குது.”

“விசாரணைக்கு அத்த எடுத்துகினு வந்துடாதீங்க.”

“நான் எங்கம்மா எடுத்துகினு வரேன்?”

கேசியா வாசலைப் பார்த்தாள். இன்பசேகரன் செருப்பை விட்ட இடத்தில் ஒரு ஜோடி இருந்தது. வலது செருப்பில் ஈர மண் ஒட்டியிருந்தது.

அவள் மனுவில் ‘நிரந்தர ஊனம்’ என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி, முதல் சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்தாள்.