மஞ்சள் கேட்டபோது

“முப்பது வருஷமா உங்க பழைய காதலியை மஞ்சள் உடையிலதானே வரைஞ்சீங்க, ஐயா? சுவத்துல இருக்கிற இந்தப் புதுப் படங்கள்ல மட்டும் நீலமா இருக்கே?” என்று கேட்டார் விமர்சகர்.

காபியுடன் வந்த ஓவியரின் மனைவிக்கு உயிரே போயிற்று.

கணவருக்கு நிறங்கள் புலப்படாமற்போய் ஈராண்டு ஆகியிருந்தது. அவர் மஞ்சள் வண்ணம் கேட்கும்போதெல்லாம், தான் மணநாளில் உடுத்திய நீலத்தையே எடுத்துக் கொடுத்துவந்தாள். பொறாமையால் அப்படங்களின் முகத்தை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை.

ஓவியர் சிரித்தார். “எண்ணெய் வண்ணத்துல மஞ்சள் காய நாலு நாள் ஆகும். இது மறுநாளே காய்ஞ்சுடுச்சு. தொட்டதுமே இவ திருட்டுத்தனம் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் முகத்தையும் மாத்திட்டேன்.”

அவள் முதன்முறையாக நிமிர்ந்தாள். நீல உடையில் அவளுடைய இருபது வயது முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.