எட்டு ரவுண்டு

"தினமும் எட்டு ரவுண்டு! இது பள்ளிக்கூடமா, இல்ல போலீஸ் பயிற்சி முகாமா?"

மருந்துக்கடைக்காரம்மா மேஜையைத் தட்டிய தட்டில் தலைமையாசிரியையின் பேனா உருண்டு கீழே விழுந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் பன்னிரண்டு பேரும் 'அப்படிக் கேளுங்க' என்பதுபோல் தலையாட்டினார்கள்.

விளையாட்டு டீச்சர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ரவுண்டு டீச்சர்'. ஒருத்தன் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தால் வகுப்பே எட்டு ரவுண்டு. ஒருத்தி வரிசையில் சிரித்தால் வகுப்பே எட்டு ரவுண்டு. யாரும் எந்தத் தப்பும் செய்யாத நாளில், "என்ன இன்னிக்கு இவ்ளோ அமைதி?" என்று அதற்கும் எட்டு ரவுண்டு.

கடைசி நாற்காலியில் பார்லர் அக்கா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் பாதிப் பேருக்கு முடி வெட்டுவது அவள்தான். நாற்காலியில் சாய்ந்ததும் ஊர்க்கதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அவள் வீட்டுக் கதை மட்டும் இதுவரை யார் காதுக்கும் போனதில்லை.

அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இருமுனைக் கோளாறு. ஒரு வாரம் தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத உற்சாகம். அடுத்த வாரம் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டாள். மாத்திரை வாங்கக்கூட தெருமுனை மருந்துக்கடையை விட்டுவிட்டு, மூன்று பஸ் நிறுத்தம் தாண்டித்தான் போவாள் பார்லர் அக்கா.

"மாத்திரையை நிறுத்தவே கூடாதும்மா. அதோட தினமும் நல்லா வேர்க்க ஓடட்டும். வளர்ற மூளைக்கு அது ரொம்ப உதவும்," என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

தனியாக ஓடச் சொன்னால், "நான் மட்டும் ஏன் ஓடணும்? நான் என்ன பைத்தியமா?" என்று மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வழி தெரியாமல் ஆறு மாதத்துக்கு முன்னால் பார்லர் அக்கா இதே டீச்சரிடம் போய் நின்றாள்.

"எல்லாரோடயும் சேர்ந்துன்னா ஓடுவா டீச்சர். ஆனா எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ பக்கத்துல ஒரு பிள்ளை உட்காராது."

"என்கிட்ட விட்டுடுங்க," என்றார் டீச்சர். மறுநாளே எட்டு ரவுண்டு ஆரம்பமாகிவிட்டது. கொஞ்ச நாளாக மகள் நேரத்துக்குத் தூங்குகிறாள். போன வாரம் 'பசிக்குதும்மா' என்று அவளாகவே கேட்டாள்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார் ஒரு அப்பா. "யாரோ ஒருத்தருக்காகத்தான் எங்க எல்லாரையும் ஓட விடறாங்கன்னு எங்க பையன் சொல்றான். யாரு அந்த ஒருத்தர்?"

பார்லர் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது!" மருந்துக்கடைக்காரம்மாவின் குரல் இன்னும் உயர்ந்தது. "பிள்ளைங்களைப் படுத்தறதுல இந்தம்மாவுக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். எல்லாரும் சட்டுபுட்டுன்னு கையெழுத்தைப் போடுங்க."

மனு கைமாறி வந்தது. 'இந்த ஆசிரியையை உடனே பணியிலிருந்து நீக்க வேண்டும்.' அவள் ஒருத்தி கையெழுத்துதான் பாக்கி.

போடாவிட்டால் ஏன் என்று குடைவார்கள். போட்டால் நாளையிலிருந்து ஓட்டம் இல்லை. போன வருஷம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் சிரித்துக்கொண்டே நடந்த மகள் கண்முன் வந்து நின்றாள்.

தலைமையாசிரியை கடைசி முறையாகக் கேட்டார். "டீச்சர், எதுக்காக ஓட விடறீங்க? காரணத்தைச் சொன்னா நான் ஏதாவது செய்யலாம். இல்லேன்னா இதை மேலே அனுப்பித்தான் ஆகணும்."

டீச்சர் மறந்தும் பார்லர் அக்கா பக்கம் திரும்பவில்லை.

"காரணம்னு ஒண்ணும் இல்ல மேடம். ஓட விடணும்னு தோணுச்சு, விட்டேன்."

பார்லர் அக்கா பேனாவை எடுத்தாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டாள். இரண்டாவது எழுத்து வரவில்லை.

எழுந்து நின்றாள்.

"டீச்சர் பொய் சொல்றாங்க."

எல்லாரும் திரும்பினார்கள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"என் பொண்ணுக்காகத்தான் ஓட விடறாங்க. அவளுக்கு மனசுல ஒரு நோய் இருக்கு. இருமுனைக் கோளாறு. டாக்டர் ஓடச் சொன்னாரு. டீச்சர்கிட்ட கெஞ்சினது நான். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

சந்தேகம் கேட்ட அப்பா கூரையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரி தன் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு. நாளைக்கு மகள் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார்கள்?

மருந்துக்கடைக்காரம்மா எழுந்து நேராக அவளை நோக்கி வந்தாள். என்ன கேட்கப்போகிறாளோ என்று பார்லர் அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கையிலிருந்த மனு உருவப்பட்டது. தாள் கிழியும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரம்மா டீச்சரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"என் பையனுக்கும் அதே நோய்தான், இந்த ஓட்டத்தை மட்டும் நிறுத்திடாதீங்கன்னு நானும் உங்ககிட்ட வந்து அழுதேனே டீச்சர்... யாரும் என் பையனைச் சந்தேகப்படக்கூடாதுன்னு மனு எழுதினவளே நான்தான்னு தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்காம நின்னீங்களே!"