போடியில ஒரு ரெய்டு

ரெய்டுன்னதும் நிமிந்து உக்காந்துட்டீகளே! ஏலக்கா மூட்டைக்குள்ள நோட்டுக்கட்டு, வாசல்ல ஜீப்புன்னு எதிர்பாத்தா ஏமாந்து போவீக. இது கம்ப்யூட்டர்ல போடுற ரெய்டு.

ஏலக்கா வியாபாரி சுயம்புலிங்கத்துக்கும் அது தெரியாது.

"அண்ணாச்சி, உங்க கணக்குக்கு ரெய்டு போட்டுத் தாரேன்"னு கம்ப்யூட்டர் கடை ஞானதுரை சொன்னதும், மனுசன் நாற்காலிய விட்டே எந்திரிச்சுட்டாரு.

"மெதுவாச் சொல்லுப்பா! யாரு வாராக? மதுரை இன்கம்டாக்ஸ்காரகளா?"

"ஐயோ, அந்த ரெய்டு இல்ல அண்ணாச்சி. லினக்ஸ்ல ரெண்டு ஹார்டு டிஸ்க். ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் ஏறிரும். ஒண்ணு செத்தாலும் வியாபாரம் நிக்காது."

இந்த வேலை ஞானதுரைக்குக் கிடைச்சே ஆகணும். கடை போர்டுல 'சிஸ்டம் எக்ஸ்பர்ட்'. ஆனா திறந்த நாள்ல இருந்து பிரிண்டருக்கு மை ஊத்தி ஊத்தி விரல்தான் கறுத்துச்சு.

"சரிப்பா. மிஷினுக்கு ரெண்டு டிஸ்க். நீ ஒத்த ஆளு. நீ ஊர்ல இல்லாதப்ப அது படுத்துக்கிச்சுன்னா?"

"ஜான்சி இருக்குல்ல!" பொண்டாட்டியக் கை காமிச்சான். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்கும் தெரியும். இந்த டிஸ்க் மாதிரியேதான். இது புருஷன் டிஸ்க், அது பொண்டாட்டி டிஸ்க். சரிபாதி!"

ஜான்சி கீபோர்டைத் துடைச்சுக்கிட்டு இருந்துச்சு. நிமிரல.

கடை வாசல்ல பூ விக்கிற மூக்கம்மாள் வேடிக்கை பாக்கப் படியேறி வந்தாக.

ஞானதுரை, மாதிரிக்கு அண்ணாச்சி கணக்க ஏத்தி வச்சிருந்த மிஷின அணைச்சு, ரெண்டாவது டிஸ்கோட ஒயரப் பிடுங்கிட்டு, மறுபடி சுவிட்சப் போட்டான். ஜம்முனு எந்திரிச்சுச்சு.

"பாத்தீகளா அண்ணாச்சி!"

"பாத்தேன். இப்பப் புருஷனப் பிடுங்கு."

இப்படி ஒரு சோதனை வரும்னு எக்ஸ்பர்ட் நெனைக்கவேயில்ல. பொண்டாட்டிய மாட்டி, புருஷனப் பிடுங்கி, சுவிட்சப் போட்டான்.

கறுப்புத் திரை. மூலையில ஒரு கோடு மட்டும் கண்ணடிச்சுச்சு.

"கரண்டு சரியில்ல அண்ணாச்சி."

தலைக்கு மேல ஃபேன் ஜோரா சுத்துச்சு.

"ஏங்க, அதுல வந்து..."ன்னு ஜான்சி வாயத் திறந்துச்சு.

"நீ சும்மாரு!"

சுயம்புலிங்கம் செருப்ப மாட்டிட்டாரு. "அப்பக் கணக்கெல்லாம் போச்சா?"

"போகல அண்ணாச்சி! எல்லாமே இதுலயும் பத்திரமா இருக்கு. ஆனா..." ஞானதுரை வேர்வையத் துடைச்சான். "எந்திரிக்கிற வித்தைய முதல் டிஸ்குல மட்டும் எழுதிட்டேன். இதுல எழுத மறந்துட்டேன். அதனால இதுக்கு எல்லாம் தெரியும். தானா ஆரம்பிக்க மட்டும் முடியாது."

அதுவரைக்கும் ஒண்ணும் விளங்காம முழிச்சுக்கிட்டு இருந்த மூக்கம்மாளுக்கு, இப்பப் பளிச்சுனு விளங்கிருச்சு.

"அட, அதானப்பா! நீ பெரியகுளம் போற நாளெல்லாம் கடைச் சாவிய இடுப்புல சொருகிட்டுப் போயிர்ற. இந்தப் புள்ள, பூட்டுன ஷட்டருக்கு முன்னால, என் பூக்கூடைக்குப் பக்கத்துலதான உக்காந்து கெடக்கு!"