ஜப்பான் முகவரி

எதிர்வீட்டு வேதவல்லியின் மகன் ஜப்பானிலிருந்து பேசி நான்கு வருடமாகிறது. கடைசி மின்னஞ்சலில் இருந்த முகவரியோ கோணல்மாணலான குறிகளாகவே தெரிந்தது. வரைபடத்தில் போட்டுத் தேடினால் அப்படி ஓர் இடமே இல்லை என்று வரும். “இடம் தெரிஞ்சா மறுநாளே கிளம்பிடுவோம்” என்பாள், நான் கேட்கும்போதெல்லாம். பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று.

மேல்மாடி ஷெரின் வரைபட நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். அவள் வேதவல்லி வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்ததும், கறிவேப்பிலை கேட்டு நானும் போனேன். என் வீட்டில் கறிவேப்பிலை நிறையவே இருந்தது.

“ஜப்பான்ல எழுத்தை வேற முறையில சேமிச்சிருக்காங்க ஆன்ட்டி, உங்க கம்ப்யூட்டர் அதைத் தப்பா படிக்குது” என்று எதையோ மாற்றினாள். ஜப்பானிய எழுத்துகள் ஒழுங்காக வந்து நின்றன. தேடியதும் சிவப்புப் புள்ளி விழுந்து, தெருவின் படம் விரிந்தது. ஒரு மாடிக் கொடியில் வேதவல்லி மகனுக்கு வாங்கிக் கொடுத்தனுப்பிய பச்சை லுங்கி காய்ந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கவுன்.

“வேற யாரோ குடியிருக்காங்க போல” என்றார் வேதவல்லியின் கணவர் சபேசன், என்னைப் பார்க்காமல்.

வேதவல்லி கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துத் திரையிலிருந்த கவுனை அளந்தாள்.

“மூணு வயசு இருக்கும்.”

முகவரியைக் குறித்துத் தர ஷெரின் ஒரு காகிதம் கேட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.